பொம்பளைத் தோட்டா

“இந்தப் பெட்டியில இருக்கிற தோட்டா எல்லாத்தையும் பிரிச்சுக் காட்டுங்கப்பா.”

மார்லா இதை வீட்டில் தனியாக இருக்கும்போது சொல்லவில்லை. பழங்காலக் கௌபாய் வேஷம் போட்டுச் சுடுகிறவர்களின் செங்கழுகு ஓடைச் சங்கத்தில், வருடாந்திரப் போட்டியில், சுட்டு முடித்தவர்கள் துப்பாக்கியைக் காலி செய்யும் மேஜைக்கு முன்னால் நின்று, ஒரு குழுவே கேட்கும்படி சொன்னாள். அப்பா டாயில் ஹாட்ச் காதில் விழாதவர் போல மீசையைத் தடவிக்கொண்டார். விழுந்துவிட்டது என்பதைக் காட்டிக்கொடுத்தது காதுதான். மடல் நுனிவரை சிவந்திருந்தது.

அந்தச் சங்கத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒருவனுடைய துப்பாக்கியை இரவல் கேட்கலாம், தொப்பியைக் கேட்கலாம், அவன் மனைவி செய்த பச்சைமிளகாய்க் குழம்பில் மூன்றாவது கிண்ணம் கேட்கலாம். ஆனால் அவன் கையால் அடைத்த தோட்டாவைப் பிரித்துக் காட்டச் சொல்லக் கூடாது. விருந்துக்குப் போன வீட்டில் முதல் கவளத்தை நாய்க்குப் போட்டுப் பார்ப்பதற்குச் சமம் அது. மார்லா சின்னப் பெண்ணாக மைதானத்தில் காலி பித்தளைக் கூடுகளைப் பொறுக்கித் திரிந்த காலத்திலேயே அப்பா அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். “பிரின்னு மட்டும் எவன்கிட்டயும் சொல்லிடாத. அப்புறம் அவன் மூஞ்சியில முழிக்க முடியாது.”

இப்போது அந்த எவன், அவர்தான்.

நடந்தது இவ்வளவு. பலகையில் வரைந்த பொய் வங்கி ஒன்றின் ஜன்னலுக்குப் பின்னால் நின்று, எதிரே இருக்கும் இரும்புத் தகடுகளை இரண்டு ரிவால்வரால், ஐந்தைந்து தோட்டாவாகச் சுட வேண்டும். தகடு ‘டங்’ என்றால் பட்டது, இல்லாவிட்டால் தவறியது. மற்றதெல்லாம் வேகம். மார்லா முதல் ரிவால்வரில் மூன்று சுட்டாள், மூன்றும் டங். நான்காவதில் துப்பாக்கியின் மேலிருக்கும் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து விசையை அழுத்தியபோது துப்பாக்கி இருமக்கூட இல்லை, மூக்கைச் சிந்தியது. தகடு பேசவில்லை. கைக்கு வர வேண்டிய உதையும் வரவில்லை.

அவள் தோளுக்குப் பின்னால் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் லீலண்ட் ப்ரூயிட். சங்கத் தலைவர். வேஷப் பெயர் ‘நீதிபதி’. வாழ்நாள் முழுக்கப் பாசனக் குழாய் விற்ற மனிதரை எல்லாரும் ஜட்ஜ் என்றே கூப்பிட்டுப் பழகி, அவரும் நடையை அதற்கேற்ப மாற்றிக்கொண்டுவிட்டார். சுடுபவர் பக்கத்தில் நின்று ஆபத்து வந்தால் நிறுத்துவதற்குத்தான் அவர் அங்கே நிற்கிறார். அவர் நிறுத்தவில்லை. “போ, போ, நிக்காத, சுடு” என்று விரட்டினார். இரண்டு தடவை.

மார்லா கட்டைவிரலைக் குதிரையிலிருந்து எடுத்தாள். துப்பாக்கியை ஜன்னல் பலகையில் வைத்துவிட்டு இடது கையை உயர்த்தினாள். பின்னால் யாரோ, காலேஜ் பொண்ணு மனசுக்குள்ள கணக்குப் போடுது, விடை வந்ததும் சுடும் என்றார். சிரிப்பு எழுந்தது. வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் பயந்துட்டா பாவம் என்றார்.

காலி செய்யும் மேஜையில், குழலின் வாய் வழியாகப் பித்தளைக் கம்பியை விட்டார்கள். பாதி தூரம் போய் நின்றது. மரச்சுத்தியலால் தட்டினார்கள். ஈயக்குண்டு நழுவி மேஜையில் விழுந்து, உருளக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. ஜட்ஜ் சொன்ன பேச்சை மார்லா கேட்டிருந்தால், ஐந்தாவது குண்டு போய் இதன் முதுகில் மோதியிருக்கும். குழல் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்திருக்கும். அவள் முகம் அதற்கு ஒரு முழத் தூரத்தில்தான் இருந்தது.

சிரித்தவர்கள் எல்லாரும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

“ஜட்ஜ் மாமா, நீங்க ஏன் நிறுத்தல?” என்று மார்லா கேட்டாள்.

“நான் என்னத்தைக் கண்டேன் பாப்பா” என்றார் அவர். “பொம்பளைத் தோட்டா எல்லாமே இப்படித்தான சத்தம் போடும்.”

அது உண்மை. அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. அந்த மைதானத்தில் இரண்டு வகைத் தோட்டா உண்டு. ஆண்கள் தங்களுக்கு அடைத்துக்கொள்வது ஒன்று. வீட்டுப் பெண்களுக்கு அடைத்துக் கொடுப்பது இன்னொன்று. குண்டுகளிலேயே சின்னதாக வார்த்து, வெடிமருந்தை ஒரு சிட்டிகை வைத்து அழுத்திவிடுவார்கள். உதைக்காது, கை வலிக்காது, சனிக்கிழமையானால் மனைவி முணுமுணுக்காமல் நீளப் பாவாடையை மாட்டிக்கொண்டு கூடவே வருவாள். சத்தமும் புட்டியின் தக்கையைப் பிடுங்குகிற சத்தம்தான். கேட்டுக் கேட்டு, நல்ல வெடிக்கும் செத்த வெடிக்கும் வித்தியாசம் தெரியாத காதாகிவிட்டது இவர்கள் காது. ஆண்களிலும் பாதிப் பேர் வேகத்துக்காக ரகசியமாக அதே சிட்டிகைக்கு இறங்கிவிட்டார்கள். ஆனால் பெயர் மட்டும் பொம்பளைத் தோட்டா.

அவற்றை அடைப்பதில் டாயிலுக்கு மிஞ்சிய ஆள் கிடையாது. செம்புச் சுரங்கத்தில் பெரிய பெரிய இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்ந்த கை. வேஷப் பெயரே ‘செம்புக்கை’. மனைவி வெர்லீனுக்கு, மகளுக்கு, கணவனை இழந்த ஒனைடா பார்லோவுக்கு என்று எல்லாருக்கும் அவர்தான் அடைத்துக் கொடுப்பார். வெர்லீனுக்கு வேஷப் பெயர் ‘திருமதி செம்புக்கை’. வேறு பெயர் வைத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை என்று டாயில் சொல்வார். அவளைக் கேட்டவர் யாருமில்லை.

மார்லா டூசான் நகரத்தில் தனியாக இருந்தாள். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். குடிதண்ணீரைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை. தண்ணியில தண்ணி இருக்கான்னு பாக்குறதுக்கு நாலு வருஷப் படிப்பா என்று சித்தப்பா ஒவ்வொரு விருந்திலும் கேட்பார், கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். அப்பாவின் தோட்டா மேஜையில் உட்கார அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். இடமில்லை என்பார். அது அவருக்கு உண்மையாகவே மறுப்பாகத் தெரியாது. மகளுக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைப்பார்.

“ஆயிரத்துல ஒண்ணு அப்படி ஆகும்” என்றார் டாயில், கடைசியில். “மருந்து விழாம போயிருக்கும், அடியில இருக்கிற கேப்பு மட்டும் வெடிச்சுப் பாதி தூரம் தள்ளியிருக்கும். அதுக்கு என்ன இப்போ?”

அதற்குத்தான் மார்லா பேசினாள். ஒனைடாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் குரலை ஏற்றியே பேசினாள். அப்பாவின் இயந்திரத்தில் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் தட்டு ஒரு இடம் நகரும், ஒரு கூட்டில் மருந்து விழும், அடுத்ததில் குண்டு உட்காரும். ஓடிக்கொண்டே இருந்தால் பிழை வராது. நடுவில் சிக்கி, அதைக் கையால் முன்னும் பின்னும் திருப்பினால்தான் ஒரு கூடு மருந்து வாங்காமலே தாண்டிப் போகும். அதே திருப்பலில் ஏற்கனவே வாங்கிய கூடு மறுபடியும் வாயைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கும். ஆண்கள் அடைக்கிற கனத்த அளவு என்றால் இரண்டாம் தடவை விழுந்ததும் பொங்கி மேஜையெல்லாம் வழியும், குருடனுக்கும் தெரியும். சிட்டிகை அளவு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு சிட்டிகை விழுந்தாலும் படுத்துக்கொள்ளும். குண்டை வைத்து மூடிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

“ஒண்ணு பட்டினி கிடந்துச்சுன்னா, பக்கத்துல ஒண்ணு ரெண்டு பங்கு தின்னிருக்கும்” என்றாள். “அதைச் சுட்டா துப்பாக்கியே கையில வெடிக்கும். அது இந்தப் பெட்டியில இருக்கு. இல்ல ஒனைடா அத்தை பெட்டியில இருக்கு. அடுத்தது சுடப் போறது எங்கம்மா.”

ஜட்ஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, தராசு கொண்டுவந்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தால் போச்சு, இதற்கு எதற்குப் பிரிப்பதும் கிழிப்பதும் என்றார். நல்ல யோசனை என்று இரண்டு தொப்பிகள் ஆடின. மார்லா அப்பாவைப் பார்த்தாள். நிறுத்தால் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். கூடுகளெல்லாம் மைதானத்தில் பொறுக்கியவை, பத்துக் கம்பெனிச் சரக்கு. குண்டுகள் வீட்டு அச்சில் வார்த்தவை. ஒன்றுக்கொன்று இருக்கிற எடை வித்தியாசத்துக்குள் ஒரு சிட்டிகை மருந்து ஒளிந்துகொள்ளும். இதை அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது ஜட்ஜுக்குச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சொல்லுங்கப்பா, தராசுல தெரியுமா?”

டாயில் பதிலுக்குப் பெட்டியில் கையை விட்டு ஐந்து தோட்டாக்களை அள்ளினார். நேராகத் துப்பாக்கியில் தோட்டா நிரப்புகிற மேஜைக்குப் போனார், தன் ரிவால்வரில் போட்டார், ஜன்னலுக்குப் போனார். யார் அனுமதியும் கேட்கவில்லை, ஜட்ஜும் தடுக்கவில்லை. ஐந்தையும் ஒரே மூச்சில் சுட்டார். டங், டங், டங், டங், டங். தேன்கூட்டில் கை விட்டுக் கொட்டு வாங்காமல் வந்தவர் மாதிரி, திரும்பி விரல்களை விரித்துக் காட்டினார். கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள்.

அவர் சுடும்போது மார்லா ஒவ்வொரு டங்கையும் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த ஐந்தில் ஒன்று அதுவாக இருந்திருந்தால்? அவருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் சுட்டார். தோட்டாவைப் பிரிப்பதைவிடக் கையை இழப்பது மேல் என்று நினைக்கிற மனிதரோடு என்ன பேசுவது? பயம் போனதும் கோபம் இரட்டிப்பாக வந்தது.

“அஞ்சு நல்லா இருந்தா அஞ்சு நல்லா இருக்குன்னு அர்த்தம்” என்றாள். “மிச்சத்தைப் பத்தி அது ஒண்ணுமே சொல்லல.”

ஜட்ஜ் அவள் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். பக்குவமாகத்தான் பேசினார். உங்கப்பாவை நாலு பேர் முன்னாடி இப்படி நிறுத்தலாமா என்றார். படிச்ச பிள்ளை என்று ஊரே பெருமைப்படுகிறது என்றார். பெண்கள் பிரிவில் நீதான் முன்னால் நிற்கிறாய், மாநிலப் போட்டிக்குச் சங்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு நீதான் போகப்போகிறாய், அதைக் கெடுத்துக்கொள்ளாதே என்றார். அப்பாவிடம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை, தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொன்னால் போதும். மத்தியானச் சாப்பாட்டோடு எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

“பெட்டியை ஒதுக்கி வைப்பீங்களா?”

“அதை ஒதுக்குனா அவரை ஒதுக்குன மாதிரி பாப்பா.”

“அப்போ எங்கம்மா கை போனா பரவாயில்ல.”

“இப்படி எடக்கா பேசத்தான் காலேஜுல சொல்லித் தர்றாங்களா?”

“இல்ல மாமா, இது வீட்டுல வந்தது” என்று சொல்லிவிட்டு மார்லா திரும்பி நடந்தாள்.

அம்மா வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். துப்பாக்கிகளை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற மரவண்டி, டாயில் செய்தது. வெர்லீன் பாவாடையின் தூசியைத் தட்டினாள், கையுறையைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். அடுத்து அவள் முறை. அப்பா தோட்டா அடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஈயக்குண்டுகளைத் தட்டில் எடுத்து வைப்பது அவள்தான் என்று மார்லாவுக்குத் தெரியும். அந்த மேஜையில் மகளுக்குத்தான் இடமில்லை.

“அம்மா, வியாழக்கிழமை இதை அடைச்சப்போ மெஷின் சிக்குச்சா?”

வெர்லீன் கணவரைப் பார்த்தாள். டாயில் தள்ளி நின்று துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைப்பதை நிறுத்தவில்லை.

“இங்க வேணாம்டி.”

“சிக்குச்சா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.”

“ரெண்டு தடவை” என்றாள் வெர்லீன். குரல் அவள் கழுத்தைத் தாண்டி வரவில்லை. “கையால தள்ளிவிட்டாரு. அப்புறம் எல்லாத்தையும் பார்த்தேன்னாரு. பார்க்காம இருப்பாரா?”

“பார்த்திருந்தா அந்தக் குண்டு என் குழல்ல ஏன்மா நின்னுச்சு?”

வெர்லீன் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டாள். பக்கத்தில் ஒனைடா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். இறுக்கிக் கட்டிய கொண்டை, இடுப்பில் இரண்டு துப்பாக்கி, அந்த மைதானத்தில் எந்த ஆணுக்கும் பணியாத வாய். மார்லா அவளைப் பார்த்தாள். நீங்களாவது சொல்லுங்க அத்தை, உங்க பெட்டியும் அதே நாள் சரக்குதான் என்றாள்.

ஒனைடா தன் பெட்டியை எடுத்தாள், மூடியை அழுத்தினாள், வண்டியின் அடித்தட்டில் போர்வைக்குக் கீழே செருகினாள்.

“நீ சொல்றது சரிதான்டி” என்றாள். “ஆனா நான் சொல்ல மாட்டேன். எனக்கு இனிமே யாரு அடைச்சுக் குடுப்பா? எனக்கு முதுகு வலிக்குது, நான் இந்தத் தடவை சுடலன்னு ஜட்ஜ்கிட்ட சொல்லிடு.”

சொல்லிவிட்டு மடக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

ஜட்ஜ் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். “திருமதி செம்புக்கை.”

வெர்லீன் பெட்டியை எடுத்தாள். வழக்கம்போலத்தான் எடுத்தாள், அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்குகிற மாதிரி. நிரப்புகிற மேஜையை நோக்கி நடந்தாள். அவளுக்கு விஷயம் புரியாமல் இல்லை. புரிந்துதான் நடந்தாள். ஐந்து சுட்டுக் காட்டிய கணவருக்கு, பத்து சுட்டுக் காட்டப் போகிறாள். டாயில் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடியது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை அந்த முகத்தில் இருந்தது. அவர் வாயைத் திறந்தால் போதும் என்று மார்லா காத்திருந்தாள். கல்லூரிக் கட்டணத்துக்காகத் தன் பழைய லாரியை விற்றவர், டூசானுக்கு அவள் போன நாளில் டயர் காற்றை நாலு தடவை சரிபார்த்தவர். திறப்பார் என்று நம்பினாள்.

வாயைத் திறந்தார், எச்சிலைத் துப்பினார், மூடிக்கொண்டார்.

மார்லா நாலு எட்டில் அம்மாவை எட்டிப்பிடித்தாள். நிரப்புகிற மேஜையைத் தொட்டுவிட்டால் அங்கே இன்னொருவர் சாமானில் கை வைப்பது பெருங்குற்றம். அதற்கு முன்னாலேயே பெட்டியைப் பிடித்தாள். அம்மாவின் பிடி முதலில் இறுகியது. பிறகு தளர்ந்தது. இழுத்ததால் தளர்ந்ததா, விட்டுக்கொடுத்ததா என்று மார்லாவால் சொல்ல முடியவில்லை, கேட்கவும் நேரமில்லை.

மைதானத்தின் ஓரத்தில், வெடிக்காத தோட்டாக்களைப் போட்டுச் சாகடிக்கப் பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றிய வாளி ஒன்று இருக்கும். மார்லா பெட்டியை அதன் மேல் கவிழ்த்தாள். தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கறுப்பு எண்ணெய்க்குள் விழுந்து மறைந்தன. பெட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்ததையும் தட்டிவிட்டாள்.

வேலிக்கு அப்பால் பெக்கான் கொட்டைத் தோப்பில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஓடுவது கேட்டது.

“குண்டு வார்த்ததுலேருந்து அது என் ஒரு வார வேலை” என்றார் டாயில்.

“தெரியும்பா.”

“நீயா வந்து மன்னிப்புக் கேக்குற வரைக்கும் என் மேஜையிலேருந்து உனக்கு ஒரு தோட்டா கிடையாது.”

“சரி” என்றாள் மார்லா. “எனக்கு இனிமே நான் அடைச்சுக்குவேன். அம்மாவுக்கும் அடைப்பேன். அவங்களுக்கு வேணும்னா. கேக்குறவங்க யாரா இருந்தாலும் பிரிச்சுக் காட்டுவேன்.”

அடுத்தவர் தோட்டாவை நாசம் செய்தது, போட்டிக்கு இடையூறு என்று ஜட்ஜ் விதிகளைச் சொல்ல ஆரம்பித்தார். முடிவாக, “இந்தப் போட்டியிலிருந்து...” என்று அவர் இழுத்தபோது, மார்லா மார்பில் குத்தியிருந்த சங்க வில்லையைக் கழற்றி அவர் கையில் இருந்த கடிகாரத்தின் மேல் வைத்துவிட்டாள். அதைக் கீழே விழாமல் பிடிப்பதில் அவருக்கு மிச்ச வாக்கியம் மறந்துபோனது.

தன் இரண்டு ரிவால்வர்களையும் பையில் போட்டாள். வந்தது அப்பாவின் காரில். நெடுஞ்சாலை வரைக்கும் மண்பாதை, அதுவும் உச்சி வெயில். பாவாடையின் முன்பக்கத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

போகிற வழியில் அம்மாவின் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள். வெர்லீன் கையுறையைக் கழற்றியிருந்தாள். வெறுங்கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணி எடுத்துட்டுப் போடி என்று மட்டும் சொன்னாள். வண்டியில் இருந்த புட்டியை மார்லா எடுத்துக்கொண்டாள்.

பின்னால் யாரோ டாயிலிடம் ஏதோ சமாதானம் சொன்னார்கள். படிக்க வைத்தால் இப்படித்தான் என்பது அதில் பாதி. ஜட்ஜ் வேறொருவர் பெயரைக் கூப்பிட்டார். தக்கை பிடுங்குகிற சத்தமாக வெடிகள் மறுபடி தொடங்கின. மார்லா தொப்பிக் கடைகளையும் பீன்ஸ் கொதிக்கிற அண்டாவையும் தாண்டி நடந்தாள்.

வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் முத்திரைக் கட்டையை மையில் ஒற்றிக்கொண்டே நிமிர்ந்தார். உள்ளே நடந்தது அவருக்குத் தெரியாது.

“திரும்ப வருவல்ல? கையைக் காட்டு, குத்திவிடுறேன். இல்லன்னா உள்ள விட மாட்டாங்க.”

“வேணாம் மாமா” என்றாள் மார்லா, நிற்காமல்.